இரண்டு பக்கமும் கறுப்பு

பச்சையம்மாவுக்குத் தெரிந்த வேலைகள் மூன்று. ஏரிச் சேற்றில் இறங்கிக் கிளிஞ்சல் அரிப்பாள். அதைக் காளவாயில் சுட்டுச் சுண்ணாம்பாக்குவாள். வருஷத்துக்கு ஒருமுறை கோபுரத்தில் கயிறு கட்டித் தொங்குவாள். சண்டை போடுவதை நான்காவதாகச் சேர்க்கலாம்தான். ஆனால் அதை அவள் வேலை என்று நினைத்ததில்லை. உடம்பு அசதிக்கு அதுதான் அவளுக்கு ஓய்வு.

கோபுரம் என்றதும் பொம்மைகள் அடுக்கிய ராஜகோபுரத்தை நினைத்துக்கொள்ள வேண்டாம். பழவேற்காட்டு ஏரிக்கும் கடலுக்கும் நடுவே நாக்கை நீட்டினாற்போல ஒரு மணல்மேடு கிடக்கிறதே, அதில் முகத்துவாரத்துக்குக் கொஞ்சம் வடக்கே, பரங்கிக்காரர்கள் கட்டிய பழைய மாதா கோயில் ஒன்று இருந்தது. பச்சையம்மாவின் காலத்தில் பரங்கிகள் போய் நூறு வருஷம் ஆகியிருந்தது. பழவேற்காட்டுக் கோட்டையில் டச்சு துரைமாரின் கொடி பறந்தது; ஊரார் அவர்களை உலாந்தாக்காரர் என்பார்கள். பரங்கிகள் போகும்போது மணியைக் கழற்றிக்கொண்டு போனார்கள். கூரை மரங்கள் கட்டுமரங்களுக்குத் துடுப்பாகிப் போயின. சுவர்கள் தாமாகவே படுத்துக்கொண்டன, அவற்றின் மேல் தாழம்புதர் மண்டியது. கோபுரம் மட்டும் போக மறந்து நின்றது. அதைச் சுற்றியிருந்த நாற்பது குடிசைகளுக்கும் கோபுரக்குப்பம் என்று பெயர்.

நின்றது என்றால் ஜம்மென்று நின்றது என்று அர்த்தமில்லை. உச்சியில் மணி தொங்கிய கூண்டு பாதி உடைந்து, கடித்துவைத்த அப்பம்போல இருந்தது. உள்ளே சுழன்று ஏறும் படிகளில் முப்பத்தெட்டு மிச்சம். அதற்கு மேல் சுவரில் உத்தரம் செருகிய ஓட்டைகளும் அவற்றில் புறாக்களும். ஆனால் கட்டியவன் கெட்டிக்காரன். செங்கல் ஒவ்வொன்றும் உள்ளங்கை அகலம், ரெண்டு விரல் கனம். நடுவில் வைத்த சாந்து கல்லைவிடக் கெட்டி. ஜன்னல்களின் கமான் வளைவுகளில் ஒன்றுகூட இறங்கவில்லை. இவ்வளவுக்கும் மேலாக, அந்தக் கோபுரம் வட்டமானது. பரங்கிகள் மற்ற ஊர்களில் எல்லாம் சதுரமாகத்தான் கட்டினார்கள். இங்கே மட்டும் ஏன் வட்டமாக எழுப்பினார்கள் என்று யாருக்கும் தெரியாது. கடல்காற்று மோதாமல் வழுக்கிப் போகட்டும் என்று இருக்கலாம். மூலைக்கு நல்ல செங்கல் கிடைக்காமலும் இருக்கலாம்.

அந்த வட்டம்தான் ஊருக்குச் சோறு போட்டது.

முகத்துவாரத்தில் தண்ணீருக்கு அடியே மணல்திட்டு உண்டு. அதன் நடுவே ஆழமான வழி ஒன்றுதான். அதை விட்டு இந்தப் பக்கமோ அந்தப் பக்கமோ பத்து முழம் விலகினால் அலை தூக்கித் திட்டில் அடித்துவிடும். மழையிலும் கடல்காற்றிலும் கோபுரம் முழுக்கப் பாசி பிடித்துக் கறுத்திருந்தது. அதில் கடலைப் பார்த்த பக்கம் மட்டும், உச்சியிலிருந்து அடிவரை, நாலு முழ அகலத்துக்கு வெள்ளையடித்திருப்பார்கள். கடலிலிருந்து திரும்புகிறவன் அந்த வெள்ளையைப் பார்ப்பான். வெள்ளைக்கு இரண்டு பக்கமும் கறுப்பு சமமாகத் தெரிந்தால் வழி நேர். வடக்குப் பக்கக் கறுப்பு பெருத்தால் வடக்கே விலகிவிட்டான், தெற்குக் கறுப்பு பெருத்தால் தெற்கே. அவ்வளவுதான் கணக்கு. மழைக்காலம் முடிந்ததும் முகத்துவாரம் கொஞ்சம் நகர்ந்திருக்கும். அதற்கேற்ப வெள்ளையையும் நகர்த்துவார்கள். ஒரு ஓரத்தில் கரி பூசி, மறு ஓரத்தில் சுண்ணாம்பு.

நிலத்திலிருந்து பார்த்தால் இது எதுவும் தெரியாது. ஏரிப்பக்கம் இருந்து வருகிறவனுக்கு அது ஒரு பாசி பிடித்த கறுப்பு உலக்கை.

ஒரு காலத்தில் வெள்ளையடிப்பது ஊர் முறை. வருஷத்துக்கு ஒரு வீடு. அது பச்சையம்மாவின் கைக்கு வந்ததற்குக் காரணம் மரியம்மா. மரியம்மாவின் மகள் ரோசிக்கு விஷக்காய்ச்சல் வந்து, பிழைக்காது என்று வைத்தியர் கையை விரித்துவிட்டார். பிள்ளை பிழைத்தால் மாதாவின் கோபுரத்தை முழுசாக வெள்ளையடிக்கிறேன் என்று மரியம்மா வேண்டிக்கொண்டாள். ரோசி எழுந்து உட்கார்ந்து கஞ்சி கேட்டாள். மரியம்மா ஆரம்பாக்கத்திலிருந்து அண்ணன் தம்பிகளைக் கூட்டிவந்து, பாசியைச் சுரண்டி, சுற்றிவரச் சுண்ணாம்பு அடித்தாள். உரித்த முட்டைபோல கோபுரம் பளபளத்தது. கரையில் இருந்தவர்கள் எல்லாரும் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். அத்தனை பேரில் ஒருவருக்காவது, ஐயோ கறுப்பு எங்கே என்று தோன்றவில்லை. பிள்ளை பிழைத்த சந்தோஷத்தில் யாருக்குத் தோன்றும்?

கடலில் இருந்தவர்களுக்குத் தோன்றியது. ஆனால் அவர்கள் அப்போது மணல்திட்டின் மேல் இருந்தார்கள். அன்றைக்கு ரெண்டு கட்டுமரம் கவிழ்ந்தன. ஒன்றில் பச்சையம்மாவின் புருஷன் தருமன். இரண்டு கட்டைகளுக்கு நடுவே சிக்கி வலது கால் முழங்காலுக்குக் கீழே நொறுங்கிப்போனது. உயிர்ச்சேதம் இல்லை. அது மாதாவின் கருணை என்று மரியம்மா அழுதுகொண்டே சொன்னாள். தருமன் தன் காலைப் பார்த்துவிட்டு, மாதா கொஞ்சம் தாமதமாகக் கிளம்பியிருக்கிறாள் என்றான்.

அப்போது பச்சையம்மாவுக்கு இருபத்திரண்டு வயது. கட்டுக்கட்டிய காலோடு புருஷன் குடிசையில் கிடக்க, அவள் ஒரு பானை கரிக்குழம்போடு கோபுரத்தில் ஏறி, வெள்ளையை நாலில் மூன்று பங்கு மறைத்தாள். இறங்கி வந்து, இனி இதை வேறு யாரும் தொடக்கூடாது என்று ஊர் நடுவில் நின்று சொன்னாள். யாரும் தொடவில்லை. தொட்டால் அவளோடு பேச வேண்டியிருக்கும்.

தருமனால் கடலுக்குப் போக முடியாது. ஆகவே கிளிஞ்சல், ஆகவே காளவாய். கோட்டையிலிருந்து விறகு வரும். சுட்ட சுண்ணாம்பு மொத்தமும் கோட்டைக்குப் போக வேண்டும், அதுதான் ஏற்பாடு. பச்சையம்மாவும் மொத்தமும்தான் அனுப்பினாள். வருஷத்தின் முதல் சூளையில் முதல் கூடையைத் தவிர. அது கோபுரத்தின் கூடை. இதைப் பற்றி அவள் கோட்டையிடம் எதுவும் சொல்லவில்லை. கோட்டையும் கேட்கவில்லை. பதின்மூன்று வருஷம் இப்படியே நல்ல உறவாக ஓடியது.

மரியம்மா என்ன ஆனாள் என்று கேட்டால், அவள்தான் வருஷாவருஷம் மேலே நின்று பச்சையம்மாவின் கயிற்றைப் பிடித்தாள். கயிற்றைக் கையில் பிடித்திருப்பவள் யார் என்று தெரிந்தும் பச்சையம்மா அதில் தொங்கினாள். அவர்கள் இரண்டு பேரும் அதைப் பற்றிப் பேசிக்கொண்டதே இல்லை. கயிற்றை ஆட்டாதே என்றும், நீ கனத்துப்போய்விட்டாய் என்றும்தான் பேசிக்கொள்வார்கள்.

இப்படி இருக்கையில் அந்த வருஷத்து ஐப்பசி மழையில் கோட்டையின் ஒரு கொத்தளம் சரிந்தது. கட்டச் செங்கல் வேண்டும். மழைக்காலத்தில் செங்கல் சூளை எங்கே போட முடியும்? பழைய கட்டடங்களைப் பார்த்துவர அளவுகாரத் துரை ஒருவரை அனுப்பினார்கள். மார்கழிக் கடைசியில் அவர் ஏரி வழியாகத் தோணியில் வந்தார். உயரமான, சிவந்த, சிரிப்பு வராத மனிதர். கூட, துபாஷி ஆதிகேசவன். துரை சொல்வதைத் தமிழிலும் ஊரார் சொல்வதை அவர் பாஷையிலும் மாற்றிச் சொல்வது அவன் பிழைப்பு.

துரை கையில் கடல்படம் ஒன்று இருந்தது. அதில் முகத்துவாரத்துக்குப் பக்கத்தில் ஒரு வெள்ளைக் கோபுரம் குறித்திருந்தது. கோட்டையின் கப்பல்கள் அதை அடையாளம் வைத்துத்தான் நங்கூரம் போடும். எதை இடித்தாலும் அதை இடிக்கக்கூடாது என்பது அவருக்கு உத்தரவு. ஆகவே முதல் காரியமாக அவர் ஊர்த்தலைவர் துளசிங்கத்தைக் கூப்பிட்டு, வெள்ளைக் கோபுரம் எங்கே இருக்கிறது என்று கேட்டார்.

துளசிங்கம் நல்ல மனிதர். ஆனால் பயம் வந்தால் அவருக்கு மூளை வேகமாக வேலை செய்யும். அதுதான் சங்கடம். வெள்ளை என்றால் சுண்ணாம்பு. சுண்ணாம்பு என்றால் காளவாய். காளவாய் என்றால் கோட்டையின் விறகு. மூன்று மூச்சுக்குள் அவர் பச்சையம்மாவைச் சாட்டையடி வாங்கவைத்து, காளவாயைப் பிடுங்கவைத்து, நொண்டிப் புருஷனோடு தெருவில் நிறுத்திப் பார்த்துவிட்டார். அப்படி ஒரு வெள்ளைக் கோபுரம் இந்தப் பக்கத்திலேயே கிடையாது சாமி என்றார்.

எதிரே நின்ற கறுப்பு உலக்கையைத் துரை ஏறிட்டுப் பார்த்தார். சுற்றிவந்து பார்க்கவில்லை, கடல்பக்கம் முழுக்கத் தாழம்புதரும் இடிந்த சுவரும். செங்கல் ஒன்றைத் தட்டிப் பார்த்தார், நாணயம்போல ஒலித்தது. படம் போட்டவன் ஊரை மாற்றிக் குறித்துவிட்டான் என்று முடிவுகட்டி, இந்தப் பாழுங்கோபுரத்தைப் பத்து நாளில் இடித்துச் செங்கலை எடுத்துக்கொள்வதாக எழுதிக்கொண்டு தோணி ஏறினார்.

அன்று பகல் முழுக்கப் பச்சையம்மா ஏரிச் சேற்றில் இடுப்பளவு நின்று கிளிஞ்சல் அரித்துக்கொண்டிருந்தாள். கூடையோடு கரை ஏறியவளிடம் மரியம்மா ஓடிவந்து விஷயத்தைச் சொன்னாள். பச்சையம்மா கூடையை இறக்கவில்லை. அப்படியே தண்ணீர் சொட்டச்சொட்ட துளசிங்கத்தின் வாசலுக்குப் போனாள். அங்கே ஏற்கெனவே படகுக்காரர் அங்கமுத்துவும் நாலு பேரும் உட்கார்ந்திருந்தார்கள்.

"உன் முதுவுத் தோலக் காப்பாத்தினேன்மா" என்றார் துளசிங்கம், அவள் வாயைத் திறக்கும் முன்பே. "சுண்ணாம்பு எங்கேர்ந்து வந்துச்சினு கேட்டா இன்னா சொல்லுவ நீ?"

"முதுவுக்கு மருந்து தடவினா ஆறிப்பூடும் மாமா. கோபுரம் போச்சினா இன்னாத்தத் தடவுவ?"

வேறு யாரோ, ஒரு பனங்கொம்பு நட்டு உச்சியில் வெள்ளைத்துணி கட்டிவிடலாம் என்றார்கள். நல்ல யோசனை என்று இரண்டு தலைகள் ஆடின. பச்சையம்மா தலையில் கூடையோடு நின்றபடியே, கொம்புக்கு எது வடக்குப் பக்கம், எது தெற்குப் பக்கம் என்று கேட்டாள். ஆடிய தலைகள் நின்றன. அங்கமுத்து மட்டும் மெதுவாக, தருமன் கால் போன அன்றைக்கு இன்னொரு கட்டுமரத்தில் இருந்தது தான்தான் என்று நினைவுபடுத்தினார். கொம்பைப் பார்த்துக்கொண்டு முகத்துவாரத்தில் நுழைய அவரால் முடியாது, முடியும் என்கிறவர்கள் முதலில் போகட்டும் என்றார்.

கொம்பின் பேச்சு அத்தோடு முடிந்தது.

கோட்டைக்குப் போய்க் கெஞ்சலாமா என்று பேச்சு வந்தது. பச்சையம்மா வேண்டாம் என்றாள். கோட்டை வாசலில் நின்று கெஞ்சினால் வாசல்காரன் சொல்வதுதான் பதில். அவர்கள் இங்கே வரட்டும். தை பிறக்கப்போகிறது, வழக்கம்போல வெள்ளையடிக்கும் நாளும் வந்துவிடும். அவள் வழக்கம்போல ஏறுவாள். சுண்ணாம்பைப் பற்றிக் கேட்டால் சுண்ணாம்பைப் பற்றிச் சொல்வாள். இதைச் சொல்லிவிட்டு வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுத் தூங்கினாள். தருமனுக்குத்தான் தூக்கம் வரவில்லை. காளவாய் போனால் என்ன செய்வது என்று கேட்டான். நீ பேசிப்பேசியே சம்பாதிக்கலாம், ஊரில் உனக்குத்தான் வாய் நீளம் என்று அவள் சொல்லிவிட்டுப் புரண்டு படுத்தாள். கொஞ்ச நேரம் கழித்து, இருட்டில் அவன் காலைத் தடவிக் கம்பளியை இழுத்துவிட்டாள். அவன் தூங்கிவிட்டான் என்று நினைத்துக்கொண்டுதான் அதைச் செய்தாள்.

பத்தாம் நாள் காலையில் மூன்று தோணிகள் வந்தன. கடப்பாரையோடு இருபது ஆட்கள், துரை, ஆதிகேசவன். பச்சையம்மா அதற்குள் கடல்பக்கம் பாதி உயரத்தில் தொங்கிக்கொண்டிருந்தாள். இடுப்பில் கயிறு, பக்கத்தில் சுண்ணாம்புச் சட்டி, கையில் தென்னம்பாளை மட்டை. மேலே கமான் ஜன்னலில் கயிற்றைச் சுற்றிக்கொண்டு மரியம்மா. ஏரிப்பக்கம் நின்றவர்களுக்கு, அந்தப் பக்கத்து ஜன்னல் வழியாக மரியம்மாவின் தலை மட்டும் தெரிந்தது.

"யாரம்மா அது, இறங்கி வா. துரை உத்தரவு" என்றான் ஆதிகேசவன். கோட்டைப் பேச்சு பேசுகிறவன், சுத்தமாகப் பேசுவான்.

"நான் கவுறு புடிச்சிகினு கீறேன்" என்றாள் மரியம்மா. "உட்டா கீய ஒருத்தி உழுந்துடுவா. நீங்களே இப்பிடிச் சுத்திகினு வாங்க."

வேறு வழியில்லை. தாழம்புதருக்குள் நுழைந்து, இடிந்த சுவர் மேல் ஏறி இறங்கி, துரை கடல்பக்கம் வந்தார். வந்துசேர்ந்தபோது அவருடைய காலுறை இரண்டும் கிழிந்திருந்தன. அண்ணாந்து பார்த்தார். அவர் தலைக்கு மேலே, ஈரம் சொட்ட, வெள்ளை.

அவர் முகத்தில் முதல்முறையாகச் சிரிப்பு வந்தது. அது நல்ல சிரிப்பு இல்லை. அன்றைக்கு இல்லாத வெள்ளை இன்றைக்கு எப்படி வந்தது, என்னை ஏமாற்ற நேற்று அடித்தீர்களா என்று கேட்டார். ஆதிகேசவன் அதை மாற்றிச் சொன்னான். துளசிங்கத்தின் முகம் வெளுத்தது. அந்தப் பொய்யை முதலில் சொன்னதே அவர்தானே.

பச்சையம்மா கயிற்றைத் தளர்த்தச் சொல்லி ஆள் உயரத்துக்கு இறங்கினாள். இடுப்பிலிருந்த கொத்தனார் கரண்டியை உருவி, வெள்ளையின் ஓரத்தில், இந்த வருஷம் கரி பூச வேண்டிய இடமாகப் பார்த்துச் செருகி நெம்பினாள். உள்ளங்கை அகலத்துக்கு ஒரு பொருக்கு பெயர்ந்து வந்தது. விரல் கனம். அதை அவர் கையில் கொடுத்து, விளிம்பைத் திருப்பிக் காட்டினாள்.

வெள்ளை, மெல்லிய கறுப்புக் கோடு, வெள்ளை, மறுபடி கறுப்புக் கோடு. வெங்காயத்தைக் குறுக்கே நறுக்கினால் தெரிகிற மாதிரி, பூச்சின் மேல் பூச்சு. ஒவ்வொரு வெள்ளைக்கும் ஒரு தை மாதம், ஒவ்வொரு கறுப்புக்கும் ஒரு மழைக்காலம். துரை அளவெடுக்கிற ஆசாமி. நகத்தை வைத்து ஒவ்வொன்றாக எண்ண ஆரம்பித்தார். நாற்பதைத் தாண்டியதும் உதடு அசைவது நின்றது. கடைசியில், முட்டை வெள்ளையும் கடுக்காயும் போட்டு இழைத்த பரங்கிகளின் முதல் பூச்சு, சிப்பியின் உட்புறம்போல வழவழவென்று இருந்தது. அதைக் கட்டைவிரலால் தடவிப் பார்த்தார். அப்புறம்தான் அந்தக் கேள்வியைக் கேட்டார்.

ஆதிகேசவன் குரலைத் தாழ்த்திச் சொன்னான். "இத்தனை சுண்ணாம்பு எங்கிருந்து வந்தது என்று கேட்கிறார்."

துளசிங்கத்துக்கு இருமல் வந்தது. நிற்கவில்லை.

"முன்னாடி ஊர்க்காரங்க ஆளுக்குக் கொஞ்சம் குடுத்தாங்க" என்றாள் பச்சையம்மா. "மேல கீற பதிமூணும் என் காளவாயிது. கோட்டைக்குப் போறதுக்கு முன்னாடி மொத கூடை இதுக்குத்தான்."

"இதை அப்படியே சொல்லவா?" ஆதிகேசவனுக்கே மனசு வரவில்லை. "யோசித்துச் சொல்லு."

"சொல்லுங்க. மொத கூடைனு சரியாச் சொல்லுங்க. மிச்சம் மீதினு சொல்லிடாதீங்க. அப்புறம் இதையும் கேளுங்க. அவுரு படத்துல வெள்ளைனு எழுதினவன் ஏரியில நின்னுகினா எழுதினான்? கப்பல்ல இருந்துதான? அங்கேர்ந்து ஒருக்கா பாக்கச் சொல்லுங்க. வெள்ளைக் கோபுரம் தெரியலைனா மொத கல்ல நானே பேத்துத் தரேன்."

துரை படத்தைப் பார்த்தார், கையிலிருந்த பொருக்கைப் பார்த்தார், கடலைப் பார்த்தார். காற்று வாடை. அலை பெரிசுதான். கடப்பாரை ஆட்களை அப்படியே நிற்கச் சொல்லிவிட்டு அங்கமுத்துவின் படகை நோக்கி நடந்தார். ஆதிகேசவனும் போக வேண்டியதாயிற்று. பத்து வருஷம் கோட்டையில் இருந்தும் ஏரியைத் தாண்டிக் கடலுக்குள் போகாதவன் அவன். படகில் கால்வைக்கும்போதே கண்ணை மூடிக்கொண்டான்.

பச்சையம்மா கயிற்றில் ஏறி ஜன்னலுக்குப் போய் மரியம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்தாள். கீழே தருமன் கோலை ஊன்றி நின்று, என்ன தெரிகிறது என்று கேட்டுக்கொண்டே இருந்தான். படகு திட்டைத் தாண்டியது. சின்னதாயிற்று. கறுப்புப் பொட்டாயிற்று. ரொம்ப நேரம் அங்கேயே நின்றது.

"பயமா கீதாடி?" என்று மரியம்மா கேட்டாள்.

"எனக்கு இன்னா பயம். படகுல கீறவனுக்குத்தான் பயம்." பச்சையம்மாவின் விரல்கள் மரியம்மாவின் முந்தானையை முறுக்கிக்கொண்டிருந்தன. மரியம்மா அதைப் பார்த்தாள், பார்க்காத மாதிரி இருந்துகொண்டாள்.

பொட்டு திரும்பிப் படகாயிற்று. முகத்துவாரத்தை நோக்கி நேராக வந்தது. திடீரென்று வடக்கே விலகியது. பச்சையம்மா எழுந்து நின்றாள். அலை படகைத் தூக்கியது. படகு திரும்பி நடுவுக்கு வந்தது. பிறகு தெற்கே விலகியது. மறுபடி நடுவுக்கு வந்தது. அப்போதுதான் அவளுக்குப் புரிந்தது, அங்கமுத்து வேண்டுமென்றே செய்கிறார். கறுப்பு பெருப்பதையும் இளைப்பதையும் துரைக்குக் காட்டுகிறார். அவள் உட்கார்ந்தாள். மூன்றாம் முறை படகு வடக்கே போகத் தொடங்கியதும், உள்ளே ஒரு நீளமான கை உயர்ந்து தெற்கே காட்டியது. அது அங்கமுத்துவின் கை இல்லை. அதில் சட்டை இருந்தது.

படகு அதன்பின் எங்கும் விலகாமல் வழியோடு உள்ளே வந்து சேர்ந்தது.

ஆதிகேசவனை இரண்டு பேர் தூக்கி மணலில் உட்காரவைத்தார்கள். காலையில் சாப்பிட்டது முழுவதையும் கடலுக்குக் கொடுத்துவிட்டு வந்திருந்தான். தொப்பலாக நனைந்து இறங்கிய துரை, தாழம்புதரைப் பற்றிக் கவலைப்படாமல் நேராகக் கோபுரத்தின் அடிக்கு வந்து, வெள்ளையிலிருந்து கறுப்புக்கும், கறுப்பிலிருந்து வெள்ளைக்கும் விரலை நகர்த்திப் பார்த்தார். மணலில் உட்கார்ந்து படத்தை முழங்காலில் விரித்தார். வெள்ளைக் கோபுரம் என்று போட்டிருந்த இடத்தில் சின்ன வட்டம் ஒன்று போட்டு, கடலைப் பார்த்த பக்கத்தை வெறுமையாக விட்டு, மிச்சத்தை மையால் நெருக்கமாகக் கோடு இழுத்துக் கறுப்பாக்கினார்.

அப்புறம் குறிப்புப் புத்தகத்தை எடுத்தார். கோபுரத்தை இடிக்கலாகாது என்று எழுதினார். அடுத்த வரிக்குப் பேனாவைக் கொண்டுபோனவர் நிறுத்தினார். பச்சையம்மாவைப் பார்த்து எதுவோ சொன்னார். மணலில் கிடந்த ஆதிகேசவன் தலையைத் தூக்காமலே அதை மாற்றினான். கோபுரம் அவசியம் என்று எழுதிவிட்டார். சுண்ணாம்பு திருடியவளைப் பிடி என்று அதன் கீழே எழுதினால், அடுத்த வருஷம் கோபுரத்தில் யார் தொங்குவது என்று கோட்டையில் கேட்பார்கள். அவருக்கு ஆள் தெரியாது. ஆகவே அவளைப் பற்றி எதுவும் எழுதப்போவதில்லை. நல்லதும் இல்லை, கெட்டதும் இல்லை.

"எழுதாத வரைக்கும் சந்தோசம்" என்றாள் பச்சையம்மா.

கோட்டையின் தாள்களில் அவள் பெயர் ஏறாமல் போனது இப்படித்தான். கொத்தளத்துக்குச் செங்கல் வேறு எங்கிருந்தோ வந்தது. அதைப் பூச அவளுடைய காளவாய்ச் சுண்ணாம்புதான் போனது, முதல் கூடை போக.

துரை காலுறையைக் கழற்றிப் பிழிந்துகொண்டிருந்தபோது, கடப்பாரை ஆட்கள் இருபது பேரும் என்ன செய்வது என்று தெரியாமல் நின்றிருந்தார்கள். கூலிக்கு வந்தவர்கள், சும்மா நிற்பது அவர்களுக்குக் கூச்சமாக இருந்தது. பச்சையம்மாவுக்கும் அது பொறுக்கவில்லை. முகத்துவாரம் இந்த வருஷம் தெற்கே நகர்ந்திருந்தது, வெள்ளையும் தெற்கே போயாக வேண்டும். பத்துப் பேரைச் சுண்ணாம்பு கரைக்க அனுப்பினாள். பத்துப் பேரைக் கரி இடிக்கச் சொன்னாள். பாசியைச் சுரண்டப் போன ஒருவன் கையில் மட்டையால் ஒன்று வைத்தாள்; கறுப்பும் வேண்டும், அது என்ன அழுக்கு என்று நினைத்தாயா என்று கேட்டாள். அங்கமுத்துவை இன்னொரு முறை திட்டுக்கு வெளியே போய் நிற்கச் சொன்னாள். அவர் ஈரத்துணிகூட மாற்றவில்லை. முணுமுணுத்துக்கொண்டே படகைத் தள்ளினார்.

ஜன்னலிலிருந்து மரியம்மா கயிற்றை இறக்கினாள். "பாத்து, போன வருசத்துக்கு நீ இன்னும் கனம்டி" என்றாள்.

பச்சையம்மா இடுப்பில் முடிச்சைப் போட்டுக்கொண்டு, கரிச்சட்டியோடு மேலே ஏறி, கடலைத் திரும்பிப் பார்த்தாள். தூரத்தில் அங்கமுத்து துண்டை வீசி வடக்குப் பக்கம் காட்டினார், பிறகு நான்கு விரலை விரித்துத் தூக்கினார். அவ்வளவு தூரத்தில் விரல் தெரியாது. அவளுக்குத் தெரிந்தது. வெள்ளையின் வடக்கு ஓரத்தில் உள்ளங்கையை வைத்து நாலு விரல் அளந்து, மேலிருந்து கீழாகக் கரியை இழுக்க ஆரம்பித்தாள்.